கழற்றப்படும் பாகம்: டீம் மேலாளர்

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு மீட்டர் இருக்கிறது. ஒரு மனிதரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி என் கையில் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டபோது நான் செய்த பிழையைத்தான் சொல்லப்போகிறேன். பந்தய டீமில் இருபது வருடம் குப்பை கொட்டியவர்களால் மட்டுமே அப்படி ஒரு பிழையைச் செய்ய முடியும்.

போன வருடம் டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் இஞ்சின் பக்கம் போகாதீர்கள் என்றார். அதனால் ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு. இரைச்சல் இன்னும் போகவில்லை. தலைக்குள் யாரோ மூன்றாவது கியரிலேயே தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுவரை போகிறார், பிறகு திரும்பி வருகிறார். கியர் மாற்று என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருக்குக் கேட்பதில்லை.

எங்கள் பட்டறை பம்மலில், ஒரு பழைய தோல் கிடங்கில் இருந்தது. தோல் போய்ப் பல வருடமாகியும் மழை பெய்தால் சுவர் தன் பழைய வாசனையை நினைத்துக்கொள்ளும். ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்று, மெக்கானிக்குகள் நான்கு பேர், எழுதுவதற்கு நான். எந்தப் பாகம் கழற்றப்பட்டது, எப்போது, யார் கையால் என்பதை எல்லாம் எழுதி வைப்பது என் வேலை. எல்லோருக்கும் நான் அக்கா, என்னைவிட ஆறு வயது மூத்த தலைமை மெக்கானிக் டேவிட்டுக்கும் சேர்த்து.

டீமின் மேலாளரை நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம். பம்மலிலேயே பிறந்து, லேத்துப் பட்டறையில் விரல்களின் ரேகையைத் தேய்த்துக்கொண்டு, அப்புறம் பந்தயத்துக்கு வந்தவர். பந்தயம் ஓடும்போது டிரைவரின் காதில் பேசும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது.

அவர் கொண்டுவந்ததுதான் மஞ்சள் சீட்டு. முன்பு ஒருமுறை யாரோ ஒரு நட்டை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டான். வண்டி ஒரு பக்கம் போனது, சக்கரம் இன்னொரு பக்கம் போனது. சக்கரம்தான் முதலில் வந்தது. அன்றிலிருந்து சீட்டு எழுதாமல் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. சீட்டில் நான்கு கட்டம்: கழற்றப்படுவது எது, ஏன், பதிலுக்குப் பொருத்தப்படுவது எது, அதைச் சோதித்தது யார். கீழே சோதித்தவர் கையெழுத்து, அதற்கும் கீழே பாயின் கையெழுத்து. நான்கு கட்டமும் நிரம்பாவிட்டால் அவர் பேனாவின் மூடியைத் திறக்கவே மாட்டார்.

இந்தப் பழக்கம் எங்கள் ரத்தத்தில் கலந்துவிட்டது. டீக்கடைக்காரர் இஞ்சியை விட்டு ஏலக்காய்க்கு மாறியபோது டேவிட் சீட்டு எழுதினார். 'ஏன்' என்ற கட்டத்தில் 'இஞ்சி விலை' என்று இருந்தது. பாய் நிதானமாகப் படித்தார், குடித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

முதலாளிக்கு இந்தச் சீட்டு மதத்தில் நம்பிக்கை இல்லை. அவர் கல்யாண மண்டபக்காரர். சேலையூரில் ஒன்று, வேளச்சேரி சாலையில் ஒன்று. பந்தய டீமையும் அவர் ஒரு நீளமான கல்யாணமாகவே நினைத்தார். டிரைவர் வண்டியில் ஏறுமுன் பன்னீர் தெளிப்பார். நல்லவர்தான். ஆனால் ஒரு பந்தயத்தில் தன் சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்து, டயர் மாற்றும் இடத்துக்கு நடுவில் தன் சிவப்பு வெல்வெட் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பாய் நாற்காலியைத் தூக்கி மஞ்சள் கோட்டுக்கு வெளியே வைத்தார்.

"ஏம்பா, என் டீமு, என் சேரு."

"உங்க சேருதான் முதலாளி. உள்ள போடணும்னா சீட்டு எழுதிக் குடுங்க, பாக்குறேன்."

சம்பந்தி சிரித்துவிட்டார். எல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்து வந்தது.

அடுத்த பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் பழைய ஹெட்போன்களுக்கு நடுவே குந்தி, காதுப் பஞ்சு கிழியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று சந்தையையே உரசுவதுபோல இறங்கியது. அந்த இரைச்சலுக்குள்தான் முதலாளி போனில் பேசினார்.

"அம்மா, பாயை மாத்துறோம். ஞாயித்துக்கெழம பன்னெண்டுக்குள்ள மாத்திடணும். நேரம் பாத்தாச்சு."

"சார், அன்னிக்கு மூணு மணிக்கு ரேஸ்."

"அதனாலதான் சொல்றேன். புது ஆள் கையால ஆரம்பிக்கட்டும். நாளைக்கு மண்டபத்துக்கு வந்து லெட்டர வாங்கிக்க. நீயே குடுத்துடு. உன்கிட்டன்னா அவர் கத்த மாட்டார்."

"புது ஆள் யாரு சார்?"

"நம்ம மச்சான்தான்."

அவருடைய மனைவியின் தம்பி. முதலாளி மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அவர் மச்சான் ஆகிவிட்டார். மண்டபத்தில் பந்தி நடத்துவது அவர் வேலை. மைக்கைக் கையில் எடுத்தால் நானூறு பேரை ஒரே மூச்சில் உட்கார வைப்பார், எழுப்பிவிடுவார். பந்தய வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி.

எங்கள் டிரைவர் யாழினிக்கு இருபத்திரண்டு வயது. வண்டலூர்ப் பெண், அப்பா பஸ் டிரைவர். அவள் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் உட்கார்ந்து மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் போகிறவள். முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. வளைவுக்கு அப்பால் யார் கவிழ்ந்து கிடக்கிறார்கள், எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எல்லாம் காதுக்குள் வரும் குரல்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அந்தக் காதில் யார் பேசுவது? சந்தையில் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தது அது ஒன்றைத்தான். பாயின் வேலையைப் பற்றி, வெட்கத்தோடு சொல்கிறேன், பஸ் ஏறிய பிறகுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை சேலையூர் மண்டபத்தில் யாருக்கோ நிச்சயதார்த்தம். முதலாளி என்னைச் சாப்பிட உட்கார வைத்தார். இலையில் பாயசம் ஊற்ற மச்சானே வந்தார்.

"அக்கா, நாளைக்கு நான் இன்னா டிரெஸ்ல வரணும்?"

"எதுல வேணா வாங்க. வேட்டி மட்டும் வேணாம், மாட்டிக்கும்."

"அப்ப பேண்ட்டு." குரலைத் தாழ்த்தினார். "அக்கா, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. மாமாகிட்ட சொன்னா, பந்தி நடத்துறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமான்றாரு."

கை கழுவிவிட்டு வந்தபோது முதலாளி கடிதத்தைக் கொடுத்தார். வெறும் கையால் எதையும் கொடுத்துப் பழகாதவர். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம், அவற்றோடு பணிநீக்கக் கடிதம். பைமேல் 'தங்கள் வருகைக்கு நன்றி' என்று அச்சடித்திருந்தது.

ஞாயிறு காலை பந்தயத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போக வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியம் கட்டினேன். ஒவ்வொரு வாக்கியமும் ஸ்பீடு பிரேக்கரில் உடைந்தது. தளத்தில் எப்போதும்போல மேசையைத் துடைத்தேன், பேனாவை எடுத்தேன், சீட்டுக் கட்டை எடுத்தேன். பிழை நடந்தது அப்போதுதான். கை தன் பாட்டுக்கு எழுதியது.

கழற்றப்படுவது: டீம் மேலாளர்.
ஏன்: நாற்காலி.
பதிலுக்குப் பொருத்தப்படுவது: மச்சான்.
சோதித்தது யார்: காலி.

அதைக் கடிதத்தோடு கிளிப் போட்டு, பாயின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் சீட்டுக் கட்டுக்குள், 'முன் பிரேக் பேட்' சீட்டுக்கும் 'கண்ணாடி ஸ்குரு' சீட்டுக்கும் நடுவில் செருகிவிட்டேன். தப்பித்தாயிற்று என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

பாய் காலைத் தேநீரோடு வந்தார். பிரேக் பேடில் கையெழுத்துப் போட்டார். அடுத்ததை எடுத்தார், படித்தார். பின்னாலிருந்த கடிதத்தையும் படித்தார். மறுபடி சீட்டைப் படித்தார். மெக்கானிக்குகள் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்துகொண்டார்கள்.

"இன்னாம்மா இது?"

"சீட்டு பாய்."

"சீட்டுன்னு தெரியுது. கடைசி கட்டத்த காலியா வுட்டுக்கீறே. இருவது வருஷமா இதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

அவர் விரல் இரண்டாவது கட்டத்துக்குப் போனது.

"நாற்காலின்றது ஒரு காரணமா? நாற்காலிக்காக மேனேஜர கழட்டுனா, ஜாக்கி ஒடஞ்சா இஞ்சின கழட்டுவியா?"

"முதலாளி சொன்னாரு பாய்."

"அவுரு சொல்லுவாரு. அது அவுரு வேல. எழுதுறது உன் வேல." தேநீரை ஒரு வாய் குடித்தார். "சரி, மூணாவது கட்டம். மச்சான். எங்க கீறாரு அவுரு?"

"கார் பார்க்கிங்ல பாய். உள்ள வர பயந்துகினு நிக்கிறாரு," என்றார் டேவிட், சக்கரத்துக்குப் பின்னாலிருந்து.

"கூட்டினு வா. சோதிக்காத பார்ட்ட ரேஸ் அன்னிக்கு வண்டியில போட நான் வுட மாட்டேன். டெஸ்ட் பண்ணலாம்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. கிளட்ச் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாரே, அதே முகம்.

தன் இடத்துக்கு வரப்போகிறவரைத் தானே சோதித்த மேலாளர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. யாழினியை வண்டியில் உட்கார வைத்தார், ஹெல்மெட்டோடு, இஞ்சின் ஓடாமல். மச்சானுக்குப் புது பேண்ட், நெற்றியில் சந்தனம். சந்தனத்துக்கு மேல் ஹெட்போனை மாட்டிவிட்டார் பாய். நான் காகிதம், பேனா. பாய் நிலைமையைச் சொல்வார், மச்சான் மைக்கில் பேச வேண்டும், யாழினி பதில் சொல்ல வேண்டும்.

"மொதல் லேப், மொதல் சுத்து. எல்லாரும் நெருக்கமா போறாங்க. இன்னா சொல்லுவீங்க?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங். கண்ணு, அவசரப்படாத. எல்லாருக்கும் எடம் இருக்கு."

ஹெல்மெட் குலுங்கியது. உள்ளே யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவது வளைவுல எண்ண கொட்டிக் கெடக்குது."

"யாரு கொட்டுனது? மொதல்ல அவனக் கூப்புடு."

"அவன வுடுங்க. டிரைவருக்கு இன்னா சொல்லுவீங்க?"

"வழுக்கும்மா, பாத்து வா. ரவ சாம்பல் தூவச் சொல்றேன்."

"முன்னாடி போறவன் வழி வுட மாட்றான்."

"பாவம், அவனும் வூட்டுல சொல்லிட்டுத்தானே வந்திருப்பான்."

"ரெண்டு லேப்புக்கு ஒண்ணுமே நடக்கல. இன்னா பேசுவீங்க?"

இதற்கான பதில் 'ஒன்றும் பேசமாட்டேன்' என்பது. மச்சானால் பத்து நொடி தாங்க முடியவில்லை. "கண்ணு, சாப்ட்டியா?" என்றார்.

நான் எல்லாவற்றுக்கும் நேராகப் பெருக்கல் குறி போட்டேன். டேவிட் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மச்சானுக்கு வியர்த்துச் சந்தனம் புருவத்தில் இறங்கியது. பாய் சிரிக்கவில்லை. அடுத்ததைக் கேட்டார். கேட்கும்போது அவர் குரல் கொஞ்சம் வேகமாக வந்தது, சீக்கிரம் தாண்டிவிட வேண்டிய இடம்போல.

"கடைசி மூணு லேப். ரெண்டாவது எடத்துல கீறோம். டிரைவரு புகை வருதுன்றா."

"வெளிய வா கண்ணு." மச்சான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நிறுத்திட்டு எறங்கு. வண்டி கெடக்குது."

"ரெண்டாவது எடம் போயிடும்."

"போவட்டுமே. புகைன்னா மொதல்ல ஆள எழுப்பணும் பாய். போன வருஷம் அடுப்பாண்ட திரைக்குப் பின்னால பொகஞ்சுது. மாப்ள வாயில லட்டோட எழுப்பி வெளிய ஓட்டுனேன். அப்புறம் பாத்தா வெறும் புகைதான். மாமா திட்டுனாரு. திட்டட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று மச்சானுக்குத்தான் புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

போன பந்தயத்தில், கடைசி மூன்று லேப் இருக்கும்போது, "பாய், புகை வருது," என்று யாழினி சொன்னாள். நானும் ஹெட்போனில் கேட்டேன். பாய் ஒரு மூச்சு விட்டார். பிறகு, "ஓட்டு. மூணு லேப்புதான்," என்றார். அவள் ஓட்டினாள். இரண்டாவதாக வந்தாள். இறங்கும்போது இடது கையுறை கருகி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கோப்பை வந்தது, முதலாளி பன்னீர் தெளித்தார், சம்பந்தி வீட்டார் கை தட்டினார்கள். யாழினி கட்டுப்போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

நான் அதை எழுதவில்லை. இஞ்சிக்கும் ஏலக்காய்க்கும் சீட்டு போட்ட டீமில், ஒரு பெண்ணின் கை வெந்ததற்கு ஒரு வரி இல்லை. பாயும் கேட்கவில்லை. தோற்றிருந்தால் நான்கு கட்டமும் நிரம்பியிருக்கும். இரண்டாவதாக வந்துவிட்டோம், அதனால் பேனா மூடியே கிடந்தது. நீங்கள் இந்தத் தொழிலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கோப்பை வந்த நாளில்தான் ரெக்கார்டைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டது எல்லாம் கோப்பைக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

பாய் மேசைக்கு வந்து என் பேனாவை வாங்கினார். 'நாற்காலி' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அடித்தலுக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து, விதிப்படி. அதற்குமேல் இப்படி எழுதினார்: 'போன பந்தயத்தில் டிரைவர் புகை என்று சொன்னார். வண்டியை வெளியே எடுக்கவில்லை. இடம் போய்விடும் என்று பயந்தேன்.'

"இப்பதான் இது ஒரு காரணம்," என்றார். "சோதிச்சது நீ. கையெழுத்து போடு."

"பாய், அவருக்கு அஞ்சுல நாலு தப்பு."

"நாலும் சொல்லிக் குடுக்கலாம். எனக்குத்தான் அஞ்சாவத சொல்லிக் குடுக்க ஆளில்லாம போச்சு."

என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. முப்பது பந்தயம் அவர் குரல் அந்தப் பெண்ணைப் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறது, ஒரே ஒருமுறைதான் தவறியது. எதை நம்புவது, முப்பதையா ஒன்றையா? அப்போதுதான் உறைத்தது, வெள்ளிக்கிழமையிலிருந்து இதுவரை யாரும் கேட்காத ஒருத்தி மூன்றடி தூரத்தில் ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். போய்க் குனிந்தேன்.

"யாழினி, உன் காதுல யாரு பேசணும்?"

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். பாயைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்க்காமல் அவளையே பார்த்தார்.

"அக்கா, பாய் சொன்னா நான் ஓட்டுவேன். எது சொன்னாலும் ஓட்டுவேன். அன்னிக்கும் அதான் ஓட்டுனேன்." தன் இடது கையைப் பார்த்தாள். "அதான் எனக்கு பயமா இருக்கு. மச்சான் அண்ணனே பேசட்டும். சாப்ட்டியான்னு மட்டும் கேக்க வேணாம்."

கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே பாய் போட்டார். தன்னைக் கழற்றும் சீட்டில் தானே, தேதியோடு.

பிறகு மச்சானை ஓரமாக அழைத்துப்போய்ப் பதினைந்து நிமிடம் பேசினார். டயரும் பெட்ரோலும் டேவிட் பொறுப்பு. தளத்தில் எச்சரிக்கைக்குக் காட்டும் கொடி என்ன நிறம் என்று நான் பார்த்துச் சொல்வேன். மச்சான் அதை அவளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொள்ள அவர் கையில் ஒரு குச்சி மிட்டாய் கொடுக்கப்பட்டது. பேசத் தோன்றினால் அதை வாயில் வைக்க வேண்டும்.

பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது முதலாளி வந்தார், பன்னீர்ச் செம்போடும் சால்வையோடும் ஒரு போட்டோக்காரரோடும். சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் காரிலிருந்து இறங்கினார்.

"குடுத்தியா? என்ன சொன்னார்?"

"கையெழுத்து போட்டுட்டாரு சார்."

"கத்தலையா?"

"ஒரு கட்டம் காலியா இருந்துச்சுன்னு திட்டுனாரு. நெரப்பிட்டோம்."

முதலாளி சீட்டை வாங்கிப் படித்தார். இரண்டாவது கட்டத்தில் அவர் கண் நின்றது. தன் நாற்காலி அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். அதற்குமேல் எழுதியிருந்ததைப் படித்ததும் அவர் கைச் செம்பு சாய்ந்து, பன்னீர் அவருடைய செருப்பிலேயே கொட்டியது.

"இது எனக்குத் தெரியாதேம்மா," என்றார்.

ஆனால் அவர் மண்டபக்காரர். கொண்டுவந்த சால்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக அவருக்குத் தெரியாது. நீக்கப்பட்டவருக்குச் சால்வை போர்த்தினார். போட்டோக்காரர் பழக்கத்தில், "ரெண்டு பேரும் இப்டி பாத்து சிரிங்க," என்றார். சிரித்தார்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீக்கியவரின் முகம்தான் வேலை போனவர் முகம்போல இருக்கும்.

பாய் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டீமில் இல்லாதவர் கோட்டுக்கு உள்ளே நிற்கக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். பின்வாசல் வழியாக வெளியேறி, தளத்தைச் சுற்றி நடந்து, முன்வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பொதுமக்களோடு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

மூன்று மணிக்குப் பந்தயம் தொடங்கியது. பன்னிரண்டு லேப். மச்சானின் வாயில் மிட்டாய். நான் கொடியின் நிறத்தைச் சொன்னால் எடுத்துவிட்டு, "மஞ்சக் கொடி கண்ணு," என்பார், உடனே வைத்துக்கொள்வார். எட்டாவது லேப்பில் யாழினி இரண்டாவது இடத்தில் இருந்தாள். முதல் வண்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆட்டோ நுழையும் இடம்தான். முதலாளி கோட்டுக்கு வெளியே எம்பி எம்பிக் குதித்தார்.

பத்தாவது லேப்பில் அவள் குரல் வந்தது. "ஏதோ தீஞ்ச வாசன வருது."

மிட்டாய் தரையில் விழுந்தது.

"வெளிய வா கண்ணு."

"மச்சான், ரெண்டு லேப்புதான்!" முதலாளி கத்தினார்.

"வெளிய வா கண்ணு. வண்டி கெடக்குது. எறங்கு."

ஹெட்போனில் ஒரு இரைச்சல். அவள் முதல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வண்டி வேகம் குறைந்து உள்ளே திரும்பியது.

அவள் குதித்து இறங்கினாள். மெக்கானிக்குகள் நான்கு பேரும் விளக்கோடு படுத்தார்கள். இஞ்சினில் ஒன்றுமில்லை, எண்ணெயில் ஒன்றுமில்லை. கடைசியில் டேவிட் சைலன்சர் குழாயிலிருந்து எதையோ சுரண்டி எடுத்துக் காட்டினார். மைதானத்தில் எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டி உருகிய பாலிதீன் தாள், உள்ளங்கை அகலம்.

"இதுக்கா?" என்றார் முதலாளி. "இதுக்கா ரெண்டாவது எடம் போச்சு?"

மச்சான் ஹெட்போனைக் கழற்றினார். "மாமா, பொண்ணு எறங்கிட்டா இல்ல? அப்ப சரி."

முதலாளி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். யாழினியின் இடது கையுறையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவள் ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டி, புல்லைத் தாண்டிக் கம்பி வலைப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். அங்கே கூட்டத்தில் சால்வையோடு நின்ற ஒரே மனிதர் அவர்தான். வலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாய். வெறும் பாலிதீன் பேப்பரு."

"பாத்து சொல்றியா, நெனச்சு சொல்றியா?"

"டேவிட் அண்ணன் எடுத்துக் காட்டுனாரு."

அவர் தலையசைத்தார். இன்னும் வலையை விடவில்லை. தளத்தில் யாரோ ஜெயித்துவிட்டார்கள் போலிருக்கிறது, பின்னால் கூட்டம் கத்தியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கையக் காட்டு."

யாழினி இடது கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையை வலையில் பதித்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, தோலை ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பழைய தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது. அதைத் தவிர வேறெதுவும் இல்லை. திருப்பு என்றார். திருப்பினாள். புறங்கையையும் பார்த்தார்.

"போ," என்றார். "போயி தண்ணி குடி."